நூற்றெட்டுப் பிள்ளையாரும் சின்னம்மாவின் சைக்கிளும்

சின்னம்மா தன் சைக்கிளின் இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிலோ அரிசியைப் பைகளில் தொங்கவிட்டுக்கொண்டு கிரானுக்குப் போய்த் திரும்பிய அன்று, வழியில் ஐந்து பேர் அவரை மறித்து அரிசி என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள். விற்பதற்கில்லை என்றாராம். பின்னே எதற்கு என்று கேட்டதற்கு, பாரம் இழுத்துப் பழகுகிறேன் என்றாராம். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. சின்னம்மா தேற்றாத்தீவுக்கு வந்து சேருமுன்பே, அவருக்குப் புத்தி பேதலித்துவிட்ட செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. நூலகத்தில் வேலை. கலியாணம் முடிக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்பிள்ளைக்கென்று கட்டி எழுதிக்கொடுத்த வீட்டில், எங்களுக்கு அடுத்த வளவில் தனியாக இருந்தார். அந்த வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வந்து குடியேறுவான் என்று குடும்பமே பார்த்துக்கொண்டிருந்தது. வந்தது ஒரு கியர் சைக்கிள்.

அதை மட்டக்களப்பு டவுனில் யாரிடமோ பழசாக வாங்கியிருந்தார். கன்னியாகுமரியில் தொடங்கி, மேற்குக் கரையோரமாகவே கோவா வரைக்கும், நாற்பது நாளில், தனியே ஓடப்போவதாகத் திட்டம். நூலகத்து அட்லசைப் பார்த்துத் தானே வரைந்த படத்தைச் சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டியிருந்தார். எந்த ஊரில் தங்குவது, எந்த ஊரில் தண்ணீர் எடுப்பது என்று சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பார். பென்சில் சீவிக் கொடுப்பது என் உத்தியோகம். பஞ்சர் ஒட்டப் பழகும்போது மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்வதும் நான்தான். கூடாரத்தை முற்றத்தில் விரித்து வைத்தோம். இரண்டாம் நாள் எங்கள் கோழி அதற்குள் போய் முட்டையிட்டது. ஊரில் அந்தப் பயணத்தை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அந்தக் கோழிதான்.

எங்கள் ஊரார் வெளிநாடு காணாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள், கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள், சொல்லாமல் கொள்ளாமல் படகேறிப் போனவர்களும் இருந்தார்கள். வெளிநாட்டுக்குப் போய், அங்கே சைக்கிள் ஓடிவிட்டு, வீட்டுக்கே திரும்பி வருகிற ஒரு காரியத்தைத்தான் யாரும் கேள்விப்பட்டதில்லை. பெண் சைக்கிள் ஓடுவதும் பிரச்சினை இல்லை. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். காரணம் இல்லாமல் ஓடுவதுதான் குற்றம்.

"ஓடுறதெண்டா இஞ்ச ஓடன்கா. இஞ்ச றோட்டு இல்லையா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மாமி கேட்டார்.

"இஞ்சத்த றோட்டெல்லாம் ஓடி முடிச்சிட்டன் மாமி" என்றார் சின்னம்மா.

இந்த றோட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊரின் வடக்கு எல்லையில், வீதியோரமாக ஒரு மருதமரம் நின்றது. பெரியவர்கள் எல்லாரும் அந்த மரத்துக்குச் சற்று முன்பே சைக்கிளைவிட்டு இறங்கிவிடுவார்கள். பதினைந்து இருபது அடி உருட்டிக்கொண்டு நடந்து, மரத்தைத் தாண்டிய பிறகுதான் ஏறுவார்கள். அம்மாவும் அப்படி, சின்னம்மாவும் அப்படி. மரத்தடியில் சிலை இல்லை, சூலம் இல்லை, விளக்கு இல்லை. அப்படியானால் இது பெயர் சொல்லக்கூடாத, பொல்லாத கோபக்காரச் சாமி என்று நானே முடிவு செய்திருந்தேன். பள்ளிக்கூடம் போகும்போது அம்மாவின் கரியரில் இருந்தபடியே நாள் தவறாமல் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அம்மா கண்டும் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

மாமாதான் கடைசியாக வந்தார். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேத்தண்ணீர் குடித்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தார். பிறகு, பாஸ்போட்டில் படம் நன்றாக விழுந்திருக்கிறதா பார்ப்போம் என்று கேட்டு வாங்கினார். பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, அதத் தாங்க."

"வீடு இருக்கிற புள்ளைக்கு என்னத்துக்குத் தெரு?" என்றார் மாமா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இஞ்ச பார். நேர்த்தி எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நாளைக்கே கொண்டுவந்து தாறன். ஊரும் வாய மூடும், நானும் நாலு பேருக்கு முன்னால தலை நிமிந்து நடப்பன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வருடா வருடம் நேர்த்திக்கடன் தீர்க்கக் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள். வாரக்கணக்கில் நடக்கிறார்கள், கண்ட இடத்தில் படுக்கிறார்கள், தனியே வந்த பெண்களும் அதில் இருப்பார்கள். யாரும் அவர்களை ஏன் என்று கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்துக் கும்பிட்டு அனுப்புவார்கள்.

"எனக்கு நேர்த்தி ஒண்டும் இல்லண்ணா. நான் சும்மாதான் போறன்."

"சும்மா எண்டு ஒருத்தரும் போறல்ல."

"நான் போறன்."

மாமா எழுந்து போய்விட்டார். பாஸ்போட்டும் அவரோடு போய்விட்டது. எனக்கு வந்த கோபம் மாமாமேல் இல்லை, சின்னம்மாமேல். ஒரே ஒரு சொல். ஒரு ஐஸ்பழத்துக்கு நான் பத்துப் பொய் சொல்வேன். இந்தியா முழுவதையும் ஒரு பொய்க்குத் தருகிறேன் என்கிறார்கள், வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

ஆகவே அதை நானே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்கு அம்மாவுடன் போயிருந்தபோது, வாசலில் கற்பூரம் விற்கிற மாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உன்ட சின்னம்மா என்னத்துக்குகா சைக்கிள்ல இந்தியா போறா?"

"நேர்த்தி மாமி. நூற்றெட்டுப் பிள்ளையார் கோயிலுக்குச் சைக்கிள்லயே வாறன் எண்டு நேர்ந்தவ."

"என்னத்துக்கு நேர்ந்தவ?"

இந்த இடத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "அது சொல்ல ஒண்ணாவாம். சொன்னாப் பலிக்காதாம்" என்றேன்.

அந்த ஒரு வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மறைத்து வைத்த நேர்த்தியைப் போல ஊர் நம்புவது வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் மாமாவே பாஸ்போட்டைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் சின்னம்மாவின் கையில் வைத்துவிட்டு, அவர் தலையைத் தடவிவிட்டுப் போனார். அண்ணன் மனமிரங்கிவிட்டார் என்று சின்னம்மா நினைத்தார். அழுதார்கூட. நான் வாயைத் திறக்கவில்லை.

மற்றது நான் எதிர்பாராதது. சின்னம்மா நூலகத்துக்குப் போன நேரம் பார்த்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை, வெள்ளியில் செய்த கண், வெள்ளியில் செய்த கை, பிறந்த பிள்ளையின் முதல் முடி. நூற்றெட்டில் ஏதாவது ஒரு கோயிலில் சேர்த்துவிடச் சொல்லி என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் வாங்கி, பாரம் பழகிய அந்த அரிசிப் பையில் ஒளித்து வைத்தேன். கணபதியின் காரியதரிசி மாதிரி இரண்டு வாரம் நடமாடினேன்.

புறப்பட மூன்று நாள் இருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வெளியே வந்தது. சின்னம்மா வீட்டில் இருந்த நேரத்தில் ஒரு அம்மா வந்து, முதலில் எந்தப் பிள்ளையார் என்று கேட்டுவிட்டார். சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூடாரத்துக்குள் ஓடினேன். அவர் பையை அவிழ்த்து, ஒவ்வொரு முடிச்சாக எடுத்து நிலத்தில் வைத்தார்.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. தைரியம் வந்து, "பேசாம இருங்க சின்னம்மா, போய் வந்து மறுகா சொல்லலாம்" என்றேன். விசா வந்துவிட்டது, பாஸ்போட் கையில் இருக்கிறது, மாமா சிரிக்கிறார். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"பொய்யோட வெளிக்கிடுறதெண்டா நான் எப்பவோ வெளிக்கிட்டிருப்பன்" என்றார். "ஏறு சைக்கிள்ல."

அந்தப் பின்னேரம் முழுவதும் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் நான் இறங்கி, பொய் சொன்னன் என்று சொல்ல வேண்டும். சின்னம்மா முடிச்சைத் திருப்பிக் கொடுத்து, "நேர்த்தி ஒண்டும் இல்ல. சும்மாதான் போறன்" என்று சொல்வார். ஒரு வீட்டில் முடிச்சைப் பறித்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், சாமி காரியத்தில் விளையாடுகிறீர்களா என்று ஏசினார்கள். சின்னம்மா எங்கேயும் குனியவில்லை, எங்கேயும் மன்னிப்பும் கேட்கவில்லை. மன்னிப்பு என் பங்கு, சும்மா அவர் பங்கு.

வெற்றிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவருக்கு முழங்கால் வருத்தம். வெள்ளியில் விரலளவு ஒரு கால் செய்து தந்திருந்தார். சின்னம்மா அதை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"சும்மாவா போறாய்?"

"ஓம்."

"அப்ப இதையும் சும்மா கொண்டு போ. எனக்குத்தான் படலை தாண்ட ஏலாது. இந்தக் காலெண்டாலும் ஊர் பாத்துட்டு வரட்டும்."

அன்றைக்குச் சின்னம்மா சிரித்தது அங்கே மட்டும்தான். வெள்ளிக் காலைச் சைக்கிள் ஹாண்டிலில் கட்டிக்கொண்டார்.

இருட்டுமுன் மாமா வந்தார். படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. முகம் கறுத்திருந்தது. பாஸ்போட்டைக் கொண்டா என்று கையை நீட்டினார்.

"அதுல என்ட பேர்தான் இருக்கண்ணா" என்றார் சின்னம்மா.

மாமா கையை மடக்கிக்கொண்டு போனார். வழியனுப்பவும் வரவில்லை. ஊரும் வரவில்லை. நேர்த்திக்காரியை வழியனுப்ப மேளம் பிடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், அன்று காலை தங்கள் தங்கள் வேலிக்குள் நின்று பார்த்தார்கள்.

சின்னம்மா நாற்பத்து மூன்றாம் நாள் கறுத்து மெலிந்து திரும்பி வந்தார். வெள்ளிக் காலை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். படங்களைப் பார்க்க மாமா முதல் ஆளாக வந்து நின்றார். அதெல்லாம் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. மங்காமல் இருப்பது அவர் புறப்பட்ட காலை.

மட்டக்களப்பு ஸ்டேஷன் வரை அவர் சைக்கிளில் போய், அங்கே ரயிலேறி விமான நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஊர் எல்லை வரைக்கும் அம்மா என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனார். மருதமரம் வந்தது. அம்மா வழக்கம்போல இறங்கினார். சின்னம்மாவும் இறங்குவார் என்று பார்த்தேன். அவர் இறங்கவில்லை. கியர் மாறுகிற சத்தம் கேட்டது. மரத்துக்கு நேரே வந்ததும் மணியை அடித்தார். ஒரு தரம் இரண்டு தரம் அல்ல, மரம் பின்னால் போகும்வரைக்கும் அடித்துக்கொண்டே போனார். ஹாண்டிலில் வெள்ளிக் கால் ஆடிக்கொண்டு போனது.

நாற்பது நாள் பயணத்தைத் தொடங்குகிற நேரத்தில், இந்தப் பொல்லாத சாமியிடமா விளையாடுவது? சாமி, சின்னம்மாவுக்குத் தெரியாது, மன்னிச்சிடு என்று சொல்லிச் சொல்லிக் கன்னம் எரியப் போட்டுக்கொண்டேன். அம்மா மரத்தடி வரைக்கும் உருட்டி வந்து, ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. தங்கை போகிறாரே என்று அழுவதாக நினைத்தேன்.

அது சாமி இல்லை, சென்றி என்கிற காவலரண் இருந்த இடம் என்பது எனக்குத் தெரியவர இன்னும் ஏழெட்டு வருடம் ஆனது. அம்மாதான் ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டே சொன்னார். சண்டைக் காலத்தில் அந்த மரத்தடியில் ஆமிக்காரர்கள் துவக்கோடு நிற்பார்களாம். எல்லாரும் சைக்கிளைவிட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு வந்து, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கடக்க வேண்டும். சின்னம்மா பதினாறு வயதில் ஒருநாள் "சும்மா" என்று சொல்லிவிட்டாராம். பகல் முழுவதும் அந்த மரத்தடி வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பின்னேரம் மாமா போய், தலையைக் குனிந்துகொண்டு, அவள் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவள், பயத்தில் சொல்லத் தெரியவில்லை என்று கெஞ்சி அழைத்து வந்தாராம். பிறகு சண்டை முடிந்து சென்றியை எடுத்துவிட்டார்கள். இறங்கிப் பழகிய கால்களுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை.

இதில் ஒன்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மணிச் சத்தம் கேட்காமல் போகும்வரை நின்றுவிட்டு, அம்மா சைக்கிளைத் திருப்பினார். மரத்தைவிட்டு விலகும் வரைக்கும் வழக்கம்போல உருட்டுவார் என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டு இரு என்றார். அந்த இடத்திலேயே, மரத்துக்கு நேர் முன்னால், ஏறி மிதித்தார். நான் கரியரில் இருந்து அவருக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.