கிளட்ச் இல்லாத வண்டியில் என் இடது கால்

தவமணியண்ணே, உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். நீ போய் பதினைந்து மாதம் ஆகிறது, சத்தமாக உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதிக் கூப்பிடுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி, செத்தவர் வருவது, இது எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. மெட்டு, அதுதான் மலைக் கணவாய், அதில் ஏறுவதற்கு முன்னால் எல்லா டிரைவரும் வண்டியை நிறுத்திக் கோயிலில் சூடம் காட்டுவார்கள், நான் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நானே பாதி நாள் நம்புவதில்லை.

எங்கள் ஊர் தேனிப் பக்கம் தேவாரம். அண்ணனும் நானும் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தோம். விடிகாலையில் ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிற பொம்பளையாட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு தாண்டிக் கேரளாப் பக்கம் போய் இறக்கிவிடுவோம், சாயங்காலம் கூட்டிவருவோம். தார் ரோடு முடிந்த பிறகு தோட்டத்துக்குள் போகிற பாதை முழுக்கச் சேறும் பாறையும்தான், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி இல்லாமல் அங்கே வேலைக்காகாது.

அண்ணன் உயிரோடு இருந்தபோது எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஒரு தோட்டக்காரர் ஆட்டோமேட்டிக் ஜீப் வாங்கி வந்திருந்தார், அதைப் பார்த்ததில் இருந்து எனக்கு அதே கிறுக்கு. நம்முடையதைக் கொடுத்துவிட்டு அதுபோல் ஒன்று எடுப்போம் என்று டீக்கடையில் ஆரம்பித்தால் அண்ணன் சிரிக்கும்.

"ஏலே, காலுக்கு வேல இல்லாத வண்டி என்னடா வண்டி. ரங்கராட்டினத்துல ஏறி உக்காந்த மாதிரி."

"ஏத்தத்துல நிறுத்தி எடுத்தா பின்னால போகாதுண்ணே. போன்ல பாத்தேன்."

"நீ போன்ல பாத்த, நான் மலையில பாத்தேன். கியரு நம்ம கையில இருக்கணும்டா. அது பாட்டுக்கு ஒண்ண நெனச்சு அது பாட்டுக்கு மாத்துனா, நமக்கு என்ன வேணும்னு அதுக்கு எவன் சொல்லுறது?"

அண்ணன் ஓட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டும். செங்குத்தான இடத்தில் பத்துப் பேரோடு நிறுத்தி, கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் வண்டியைத் தொட்டில் மாதிரி நிற்க வைக்கும். பிறகு பூப்போல எடுக்கும். அந்த அரை கிளட்ச் எனக்கு வரவே வராது. ஒன்று வண்டி குதிக்கும், இல்லை அணைந்துவிடும்.

போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில் ஒருநாள் ஆள் ஏற்றவில்லை, உர மூட்டைதான். நான் ஓட்டினேன். அண்ணன் பின்படியில் கல்லோடு நின்றது. இது எங்கள் பக்கத்து வழக்கம், ஏற்றத்தில் வண்டி பின்வாங்கினால் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கல் போட ஒரு ஆள் பின்னால் நிற்க வேண்டும். ஒரு வளைவில் இரண்டாவது கியரில் இழுக்கவில்லை, முதல் கியருக்கு மாற்றினேன். அந்த ஜீப்பில் அதற்குக் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும், நான் அவசரத்தில் ஒரு தடவைதான் மிதித்தேன். கியர் விழவில்லை. வண்டி பின்னால் உருண்டது, பிரேக்கை மிதித்தும் மூட்டைக் கனத்துக்கு நிற்கவில்லை. அண்ணன் குதித்துக் கல் போட்டது. சக்கரம் கல்லில் ஏறி இறங்கி, அண்ணன் மேலும் ஏறியது. ஜீப் மண்மேட்டில் முட்டிச் சாய்ந்தது, நான் இடுப்பு நசுங்கி உள்ளே கிடந்தேன்.

அண்ணன் அங்கேயே போய்விட்டது.

என் இடது காலுக்குப் போகிற நரம்பு போய்விட்டது என்றார்கள். கால் இருக்கிறது, ஆனால் சூடு வைத்தாலும் தெரியாது. கையால் தூக்கி வைத்தால்தான் நகரும். இரண்டு மாதம் படுத்துக் கிடந்தேன், பார்க்க வந்த எல்லோரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் சொன்னேன், கியர் தானாக நழுவிவிட்டது என்று. மதினியிடமும் அதைத்தான் சொன்னேன், அண்ணன் பெண்டாட்டியிடம், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம். கியர் வண்டியே மோசம், மலைக்கு ஆகாது, ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் என் அண்ணன் இருந்திருக்கும் என்று ஊரெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் படுத்தால் தூக்கம் வராது.

அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து நான் ஒருவன்தான் என்று ஆன பிறகு ஓட்டாமல் எப்படி. கிளட்சை மிதிக்கக் கால் இல்லை. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் ஜீப் ஒன்று எடுத்தேன். விற்றவர் முதுகில் தட்டி, "இதுக்கு ஒத்தக் காலு போதும் தம்பி" என்றார். எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒற்றைக் காலால் ஓட்டலாம் என்று லைசன்ஸிலும் எழுதி வாங்கியாயிற்று. இடது காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வலது காலால் ஆக்சிலேட்டரும் பிரேக்கும். அண்ணன் ஜீப்பைச் சரிபண்ணி மதினி வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம்.

இனிமேல்தான் விஷயம்.

போன ஐப்பசி, ஒரு வாரமாக மழை. காலை ஏழு மணி இருக்கும், நல்ல வெளிச்சம், ஆனால் மேகம் இறங்கி எதிரில் வண்டி மூக்கு தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஏழு பேர். ஆள் சேர்த்துக் கூட்டி வருகிற பவுனுத்தாயி அக்கா எனக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் லோகு, கியரே போடாம ஓட்டுறியே, நீ தூங்கிட்டா வண்டியா கொண்டுபோயி தோட்டத்துல விட்ருமா?"

பின்னால் இருந்து ஒரு அக்கா, "எங்க வீட்டுக்காரரே தானா வீடு வந்து சேர மாட்டாரு, வண்டி சேர்ந்துருமாக்கும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தோட்டத்துக்குள் இறங்குகிற மண் பாதை, இறக்கம், மெதுவாகத்தான் போகிறேன், தினமும் போகிற வழி, வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்தும் எடுக்காமலும்.

அப்போது என் இடது கால் எழும்பியது.

நான் தூக்கவில்லை. கை இரண்டும் ஸ்டீயரிங்கில். அது தானாக எழும்பி, ஓரத்தில் இருந்து நடுவுக்கு வந்து, கிளட்சை மிதிக்கிற மாதிரி ஓங்கி ஒரு மிதி மிதித்தது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் ஏது, அங்கே அகலமான பிரேக்தான் இருக்கிறது. கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் புதிதாக ஆட்டோமேட்டிக் எடுத்தால் செய்கிற தப்பு அது, இடது கால் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்துவிடும். ஆனால் அதற்குக் கால் வேலை செய்ய வேண்டும் அல்லவா.

வண்டி செத்த மாதிரி நின்றது. தூக்குச்சட்டி பறந்து கண்ணாடியில் அடித்துக் குழம்பு கொட்டியது.

"ஏலே, என்னலே இப்படி நிறுத்துற, பல்லு போயிருச்சு" என்று பின்னால் வசவு. பவுனுத்தாயி அக்கா திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். இரண்டு எட்டுதான் வைத்திருப்பார். நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"எல்லாரும் எறங்குங்கடி. சத்தம் போடாம எறங்குங்க."

காற்று வந்து மேகம் கொஞ்சம் விலகியது, நானும் பார்த்தேன். முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பாதை இல்லை. மலை அப்படியே வழிந்து போயிருந்தது. ஏலச் செடிகள் வேரோடு தலைகீழாகத் தொங்கின, கீழே எங்கேயோ தண்ணீர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. முந்தின நாள் சாயங்காலம் வந்த பாதை அது.

"நீயும் எறங்குலே. வண்டி போனாப் போகுது."

இறங்கத்தான் பார்த்தேன். கால் வரவில்லை. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து இழுத்தேன், பிரேக்கின் மேல் அது பாறை மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கை பிரேக் இருக்கிறதே என்று கேட்பீர்கள், போட்டேன், ஆனால் அது பிடிப்பது பின் சக்கரத்தைத்தான், பின் சக்கரம் நின்றதோ சேற்றில். அதை மட்டும் நம்பி விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். முன்னால் மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

பவுனுத்தாயி அக்கா ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு முன் சக்கரத்துப் பக்கம் வந்தார்.

"கல்லுப் போடாதீக" என்று கத்தினேன். "அக்கா, காலப் பிடிச்சுக் கேக்குறேன், கல்லுப் போட வராதீக. தள்ளிப் போங்க."

அவர் கல்லை அப்படியே கீழே போட்டுவிட்டு விலகிப் போனார். நான் அழுதுகொண்டே ரிவர்ஸில் போட்டேன், கை பிரேக்கை விட்டேன், வலது காலால் ஆக்சிலேட்டரைத் தொட்டேன். தொட்டதும் இடது கால் கொஞ்சம் மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் வந்தது. பாதி விட்டு, பாதி பிடித்து. வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் தொட்டில் மாதிரி ஒரு நொடி நின்றது. அது எனக்கு வராத வேலை. கிளட்ச் எனக்குச் சரியாக வராததால்தான் எங்கள் வீட்டில் சாவு விழுந்தது. சக்கரம் சேற்றில் ஒரு சுற்றுக்கூடச் சும்மா சுற்றவில்லை. வண்டி பூப்போலப் பின்னால் ஏறியது, இருபது முப்பது அடி, மேலே பாறைத் தரை வரைக்கும்.

அங்கே நிறுத்தியதும் கால் தொப்பென்று விழுந்தது. கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, பழையபடி கட்டைதான்.

எனக்குப் பயம் வரவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மழை முகத்தில் அடிக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய கோயிலுக்குள் முதல் தடவை போன சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. பொம்பளையாட்களில் ஒருத்தர் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று மத்தியானமே மதினியிடம் போனேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பிறகு அதையும் சொன்னேன். "கியரு நழுவல மதினி. நாந்தான் சரியா மிதிக்கல. வண்டி மேல பழியப் போட்டேன்." மதினி உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசி மொச்சையையும் உரித்துப் போட்டுவிட்டு, "அவக குதிக்கும்போது ஏதும் சொன்னாகளா?" என்றார்.

"'பிரேக்க விட்றாத லோகு'ன்னாக."

அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார், "இனிமே அந்த ஜீப்பக் குத்தம் சொல்லாத. அவக ஆசையா வச்சிருந்த வண்டி." சோறு போட்டார். சாப்பிட்டேன். அன்று ராத்திரி தூங்கினேன்.

தேனியில் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். செத்த நரம்பு சில நேரம் தானாக வெட்டி இழுக்கும் என்றார். மிதித்தது சரி டாக்டர், மெதுவாக விட்டதே, அது எப்படி என்று கேட்டேன். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

அவர் ஊசியால் குத்திப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. கால் முழுக்க உணர்வு இல்லை, உள்ளங்காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு இடம் தவிர. ரூபாய்க் காசு அளவுதான். அங்கே எனக்கு ஊசி தெரியவில்லை. வேறு ஒன்று தெரிகிறது. இரும்பு மாதிரி சில்லென்று ஒன்று என் காலைக் கீழே இருந்து மேலே தள்ளுகிறது, கிளட்சை விடும்போது பெடல் எழும்பி வருமே, அந்த மாதிரி மெதுவாக. பாயில் படுத்திருக்கும்போதும் தள்ளுகிறது, இதை எழுதுகிற இப்போதும் தள்ளுகிறது. யார் மிதித்து யார் விடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் ஏறிப் படுத்துக் காலை அந்தரத்தில் நீட்டிப் பார்த்தேன், அப்போதும் நிற்கவில்லை.

இதைப் படித்த நீங்கள் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, என்னை நம்பாவிட்டாலும் சரி, இன்றைக்கு விளக்கேற்றும்போதோ, கண்ணை மூடும்போதோ, தவமணி என்று ஒரு தடவை சொல்லி, அந்த ஆத்மா இளைப்பாறட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். செத்த பிறகும் அண்ணனை நான் வேலை வாங்கிவிட்டேனோ என்று இருக்கிறது.