பிறகு எழுதிய முதல் பக்கம்

அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நான் பிறகுதான் எழுதினேன். பழி சந்திரன் மேல் விழும் என்று தெரிந்தே எழுதினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, என் முகம் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல வருகிறது. எதிரில் இரண்டு பேர் நின்றாலே எனக்கு வாய் கட்டிவிடும்... பிறவிக் குணம்.

அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நான் 'ஆயா'. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இந்தியாவுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

எண்பத்தாறாம் வருடம். எங்கள் தோட்டத்தில் முத்து என்று ஒரு லோரி ஓட்டுநர் பாட்டுக் குழு நடத்திவந்தான். கோயில் திருவிழா, கல்யாணம் என்று பக்கத்துத் தோட்டங்களுக்கும் போவார்கள். டிரம் அடித்தவனும் கித்தார் வாசித்தவனும் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். குழு இரண்டு கை போன மாதிரி ஆகிவிட்டது.

அப்போது சிங்கப்பூரில் இருந்த முத்துவின் மச்சான் ஒரு பழைய கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தான். அதை டெலிவிஷன் பெட்டியோடும் கீபோர்டோடும் இணைக்க வேண்டும். தாளத்தையும் மற்ற வாத்தியங்களையும் முன்கூட்டியே அதற்குள் பதித்து வைத்துவிட்டால், மேடையில் அது தானாக வாசிக்கும். ஓடிப்போன இரண்டு பேருக்கும் பதிலாக அது.

கீபோர்டு வாசித்தவன் சந்திரன். பால் வெட்டுகிறவன். அவனை நான் கொட்டகையில் தொட்டில் கட்டி ஆட்டியிருக்கிறேன். இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். பாட்டில் உயிராக இருந்தான். அந்த இயந்திரத்தை ஓட்டும் பொறுப்பு அவனுடையதாயிற்று.

அதோடு ஒரு புத்தகமும் வந்திருந்தது. எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் இங்கிலீஷ் புத்தகம். இருநூறு பக்கத்துக்கு மேல். அதைப் படிக்கத் தோட்டத்தில் ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வேலை பார்த்த கமலா டீச்சரிடம் முத்து கொண்டுபோய்க் கொடுத்தான். டீச்சர் வாசித்து அர்த்தம் சொல்ல, நான் தமிழில் எழுதுவது என்று முடிவாயிற்று. மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் டீச்சர் கொட்டகைக்கு வந்துவிடுவார். ஒன்பது மதியம் எழுதினோம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாதவனுக்கு எழுதியது இல்லை. எல்லாம் தெரிந்த ஒருவன், தன்னைப் போல் தெரிந்த இன்னொருவனுக்கு எழுதியது. பாட்டைப் பதிப்பது எப்படி என்று பார்த்தால், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார் என்றிருக்கும். அங்கே போனால், முப்பத்தெட்டாம் பக்கத்தில் சொன்னபடி செய் என்றிருக்கும். முப்பத்தெட்டில் ஒன்றுமே இருக்காது... பொத்தான்களின் பெயர்ப் பட்டியல்தான்! டீச்சருக்கே தலை சுற்றும். "இங்கிலீஷ் புரியுது ஆயா, விசயம்தான் புரியல," என்பார்.

டீச்சர் சொன்னதை நான் அப்படியே எழுதவில்லை. எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். 'இயந்திரத்தை அணைப்பதற்கு முன் பாட்டைத் தகட்டில் சேமிக்கவும்' என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் லயத்தில் யார் எதை அணைக்கிறார்கள்? மாலை ஆறு மணிக்குத் தோட்டத்து என்ஜின் ஓடும், விளக்கு வரும். பத்து மணிக்கு என்ஜின் நிற்கும், எல்லாம் தானாக அணையும். ஆகவே நான் எழுதினேன்: 'என்ஜின் நிற்கும்வரை வாசித்துக்கொண்டிருக்காதே. ஒன்பதரைக்கெல்லாம் பாட்டை டிஸ்க்கில் ஏற்றிவிடு. இல்லாவிட்டால் விளக்கோடு பாட்டும் போய்விடும்.'

டீச்சர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு, "இந்தப் புத்தகத்தை எழுதுனவன் உங்ககிட்ட வந்து படிக்கணும்," என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை என்ன செய்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? ஐம்பத்தெட்டு வயதுவரை யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. பிள்ளைக்குப் பீத்துணி அலசுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியும் என்று நானே நினைத்ததில்லை.

எட்டாம் நாளே முக்கியமானதெல்லாம் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் பூக்கொடி வரைந்து, நடுவில் 'சுபம்' என்று எழுதிவிட்டேன். அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. மறுநாள் டீச்சர் வந்து, புத்தகத்தின் பின்னட்டைக்கு முந்தின பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார். சதுர டிஸ்க்கின் ஓரத்தில், உள்ளே இருக்கும் தகடு தெரியும்படி திறந்திருக்கும் நீள வட்டத்தை விரலால் தொடக்கூடாது. ஈரம் படக்கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது. பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. எதற்கும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

கொடிக்குக் கீழே இடமில்லை. முதல் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. பிள்ளையார் சுழி மட்டும் போட்டு, தலைப்புக்காக விட்டிருந்தேன். அங்கே இதையெல்லாம் எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது என்று தோன்றியது. ஈரம் படக்கூடாது என்று ஒருவனுக்குச் சொல்லவும் வேண்டுமா என்றும் தோன்றியது. பேனாவை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"எழுதிட்டீங்களா ஆயா?"

"எழுதிட்டேன் டீச்சர்."

அந்த மாதக் கடைசியில் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார்.

சந்திரன் என் நோட்டை வைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் பதினோரு பாட்டுகளை ஏற்றினான். காலையில் மரம் வெட்டு, மாலையில் இது. சந்தேகம் வந்தால் கொட்டகைக்கு வந்து, "நீங்க எழுதுனது பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு ஆயா," என்று சொல்லிவிட்டுப் போவான். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் எப்படி இருந்தது என்பதை மறைக்கவில்லை. குளிர்ந்து போயிருந்தேன்.

மாரியம்மன் திருவிழா அன்று காலை குழுவின் சாமான்களுக்குப் பூசை போட்டார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். லோரி வாங்கினாலும், தையல் இயந்திரம் வாங்கினாலும் சாமி முன்னால் வைத்து, மஞ்சள் நீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் வைக்காமல் தொடமாட்டோம். கம்ப்யூட்டர் கனம், மாலையில்தான் டெலிவிஷனோடு லோரியில் ஏற்றி மேடைக்கு வரும். அதனால் சந்திரன் பாட்டு இருக்கும் டிஸ்க்கை மட்டும் கொண்டுவந்தான். பதினோரு பாட்டும் அந்த ஒன்றில்தான் இருந்தது. என் நோட்டையும் தட்டில் வைத்தான்.

டிஸ்க் காகித உறையில் இருந்தது. அம்மன் முன்னால் மூடிவைப்பது மரியாதை இல்லை என்று அதை உறையிலிருந்து எடுத்து வைத்தான்.

நான் பெண்கள் பக்கத்தில், தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். பூசாரி செம்பைத் தூக்கினார். அந்த நொடியில் டீச்சரின் குரல் எனக்குக் கேட்டது... ஈரம் படக்கூடாது. கேட்டது! மறந்துபோனேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். பத்தடி தூரம். 'சந்திரா, அதை எடு' என்று மூன்று வார்த்தை. ஆண்கள் கூட்டம் நெருக்கி நின்றது. மேளம் அடித்தது. அம்மன் தண்ணீர் எதையும் கெடுக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூசாரி தெளித்தார். பிறகு சந்தனத்தை மூன்று விரலில் எடுத்து, பொட்டு வைக்க வாகான இடமாகப் பார்த்து, அந்த நீள வட்டத்தின் மேலேயே வைத்தார்.

மழை வரும்போல் இருந்ததால் நோட்டை நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

மாலை ஆறரைக்கு மேடை தயார். சுங்கை புரோங் கோயில்காரர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாக இருந்தால் அவர்கள் திருவிழாவுக்கும் இந்தக் குழுதான் என்று பேச்சு. சந்திரன் டிஸ்க்கைத் துடைத்துப் போட்டான். இயந்திரம் கரகரவென்று சத்தம் போட்டது. திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்தது. எடுத்து மறுபடி துடைத்துப் போட்டான். அதே கரகரப்பு. பாட்டு ஒன்றும் வரவில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. கூட்டத்திலிருந்து யாரோ, "கம்ப்யூட்டருக்கு சாமி வந்துருச்சு லா, வேப்பிலை கொண்டாங்க," என்றான். ஒரே சிரிப்பு. முன்வரிசைக்காரர்களும் சிரித்தார்கள். சந்திரன் நிமிரவே இல்லை.

முத்து மேடையிலிருந்து இறங்கி வந்தான். புத்தகத்தில் இதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறதா பார்ப்போம், நோட்டைக் கொண்டுவாருங்கள் என்று என்னிடம் சொன்னான்.

என் வீடு கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது கதவு. போனேன். நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கேட்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. கிழவி, ஆறாம் வகுப்பு, விட்டுப்போச்சு என்று சொல்லி இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அப்படி மறக்கப்படுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைக் கொட்டகை ஆயாவாக மறுபடி ஆவது...

அதே நீலப் பேனா. அதே கையெழுத்து. ஐந்து வரி.  மேலே 'முதலில் இதைப் படிக்கவும்' என்றுகூடத் தலைப்புப் போட்டேன். மை காயும்வரை விசிறியால் விசிறினேன்.

முத்து அதை வாங்கி, மேடைக்குப் பக்கத்தில் விளக்கடியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான். ஈரம் படக்கூடாது. நீள வட்டத்தைத் தொடக்கூடாது. இன்னொரு பிரதி எடுத்து வைக்கவும். வாசித்து முடித்து நோட்டைச் சந்திரனின் நெஞ்சில் வைத்து அழுத்தினான்.

"முத பக்கத்திலயே எழுதியிருக்குடா. ஆயா இதுக்கு மேல என்ன செய்யணும், வந்து ஊட்டியா விடணும்?"

சந்திரன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். தினமும் புரட்டிய நோட்டு. பிறகு என்னைப் பார்த்தான். நான் மண்ணைப் பார்த்தேன்.

"இருந்திருக்குண்ணே," என்றான். "எங்கண்ணுலதான் படல."

தன் கண்ணை நம்புவதைவிட என்னை நம்பினான். அவ்வளவுதான் நடந்தது.

அன்று வெறும் ஆர்மோனியத்தை வைத்து முத்து நாலு பக்திப் பாட்டு பாடி இறங்கினான். சுங்கை புரோங்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இயந்திரத்தை முத்து வேறொருவனிடம் கொடுத்தான். இவ்வளவு கவனம் இல்லாதவனிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். சந்திரன் இயந்திரத்தைத் துடைத்து எடுத்துக் கொடுத்தான். கீபோர்டையும் அதன்பிறகு தொடவில்லை.

என் நோட்டுக்குப் பெயர் பெருகிற்று. அதேபோல் இயந்திரம் வாங்கிய இன்னும் இரண்டு குழுக்காரர்கள் வந்து நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் செகிஞ்சான் பக்கத்து ஆள், என் வீட்டு வாசலிலேயே நின்று, முழுப் புத்தகத்திலும் அந்த முதல் பக்கம்தான் ரொம்ப உபகாரம், இங்கிலீஷ்காரன் கடைசியில் வைத்ததை நீங்கள் முதலில் வைத்தீர்களே என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்...

ஒருமுறை சொல்லிவிடலாம் என்று சந்திரன் வீட்டுக்குப் போனேன். அடுத்த வருடத் தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவன் வேலைக்காட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவன் மனைவி தேத்தண்ணி கலந்து கொடுத்தாள். மணி இரண்டாகிறதே, இன்னும் வரவில்லையா என்று கேட்டேன். மற்றவர்களெல்லாம் பன்னிரண்டுக்கே வந்திருந்தார்கள்.

"அவரு அப்படித்தான் ஆயா இப்பல்லாம். மரத்த வெட்டிட்டு அடுத்த மரத்துக்குப் போவாரு, மறுபடி திரும்பி வந்து பாப்பாரு, பால் வடியுறதுக்கு மங்கு வச்சமா இல்லியான்னு. ஒவ்வொரு மரத்துக்கும். வேலைய மேற்பாக்குற மண்டோர் கத்துறாரு. கேட்டா, என் கண்ண நான் நம்ப மாட்டேங்கிறாரு."

தேத்தண்ணி சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். அவள் பிள்ளையை மடியில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். தூரத்தில் அவன் சைக்கிள் வருவது தெரிந்தது. வருகிறவன் பாதி வழியில் இறங்கி, பின்னால் கட்டியிருந்த வாளியைத் தொட்டுப் பார்த்தான். ஏறினான். பத்தடி வந்து மறுபடி இறங்கினான்.

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் சோறு வைத்திருக்கிறேன் என்று சொல்லி, அவன் வருவதற்குள் பின்பக்கமாக எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.