ஈரப் புடவையும் இரவல் பெயரும்

என் கையை இன்டர்நெட்டில் எவனோ விற்றுக்கொண்டிருந்தான். மாம்பழச் சாற்றைப் பாயில் மெல்லிசாகத் தடவி, அது காய்ந்ததும் மறுநாள் அதன் மேலேயே இன்னொரு தடவை, இப்படி ஒரு மாதம் வெயிலில் காய வைத்தால் தாண்ட்ரா. சித்தூர் பக்கம் எங்கள் ஊரில் நான் செய்து விற்பது அதுதான். பாயில் தடவுகிற என் வலது கையைப் போனில் படம் பிடித்து விற்பனைத் தளத்தில் போட்டவர் என் கணவர். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு, மாம்பழக்கூழ் கம்பெனியில் கூலிக்குப் போன காலத்தில் கத்தி கிழித்தது. அதே தளத்தில் இன்னொருவன் போட்டதிலும் அதே படம், அதே தழும்பு, எங்கள் தாண்ட்ராவின் அதே பெயர். அனுப்புகிறவன் முகவரி மட்டும் திருப்பதி.

கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. 'வாயில் வைத்தால் மண் நறநறக்கிறது' என்று வாங்கியவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பிழைக்கப் போனவர்கள்தான் எங்களிடம் வாங்குகிறவர்கள். ஒருமுறை நாக்கு ஏமாந்தால் மறுபடி வர மாட்டார்கள். பெயர் கெட்டால் நான் திரும்பவும் கூழ் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். வந்த கோபத்தில் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தளத்துக்குப் புகார் எழுதினோம். பெயரைப் பதிவு செய்த சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் கணவர் அந்தத் திருப்பதிக்காரனுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள் அசரவில்லை.

"ஏமண்டி, பேரு உங்க சொந்தமா? உங்க வீட்டம்மாவ காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணச் சொல்லுங்க, அன்னைக்கே எல்லாம் எடுத்துடறேன்."

எங்கள் பக்கத்தில் கோர்ட்டு தீர்க்காததைக் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் தீர்ப்பார். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய் சொன்னவனை அவர் சும்மா விடமாட்டார் என்று பயம். என் கணவருக்கோ ஒரே குஷி.

"வாமே போலாம். நம்ம பொருளுக்கு நாம சத்தியம் பண்ண இன்னா பயம்?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது எனக்குத்தானே தெரியும். அவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த வருடங்களில், நான் சீசன் முழுக்கச் சந்திரகிரியில் ஓர் அக்கா வீட்டில் தங்கி, கூலிக்குத் தாண்ட்ரா தடவினேன். அந்தப் பெயர் அந்த அக்கா வைத்தது. மகளோடு இருக்க ஹைதராபாத்துக்குப் போனபோது அக்கா தொழிலை விட்டார், நான் பெயரை எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. மூடின கடையின் போர்டை யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். நானே யோசித்து வைத்த பெயர் என்று கணவரிடம் பெருமை வேறு.

பஸ்ஸிலாவது சொல்லியிருக்கலாம். குளத்தில் முழுகி எழுந்து வந்தேன். திருப்பதிக்காரன் நெற்றியில் குங்குமத்தோடு பவ்யமாகக் கைகட்டி நின்றான். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "படம் என்னுது, அந்தக் கை என்னுது" என்று சொல்லித் தழும்பை நீட்டிக் காட்டினேன். அடுத்தது பெயர். பிள்ளையாரைப் பார்த்தேன். என் கணவரைப் பார்க்க முடியவில்லை.

"பேரு என்னுது இல்ல."

அவன் சிரித்தான். "அப்ப நீயும் நானும் ஒண்ணுதாம்மா."

சொன்னபடி படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டான், பெயரை விடவில்லை. திரும்பும்போது என் கணவர் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். திருடன் என்னையும் தன்னோடு சேர்த்துச் சொன்னதுதான் வலித்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த அக்காவுக்கும் வலித்திருக்குமா என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

ஒரு வாரம் தயங்கிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லாமல், "உங்க பேர கேக்காம எடுத்துக்கினேங்கா, மன்னிச்சுடுங்க, இனிமே வேற பேரு வெச்சுக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கு எப்பவோ தெரியும்டி. படத்துல அந்தத் தழும்பப் பாத்ததுமே தெரிஞ்சுக்கினேன். வருஷா வருஷம் எம் பொண்ணு பேர்ல ரெண்டு கிலோ வாங்கித் துன்னுக்கினுதான் இருக்கேன். ஒரு வார்த்த நீயா கேப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

நான் அழத் தொடங்கியிருந்தேன்.

"அழாத. கையெழுத்துப் போட்டுத் தரேன், பேர உன் மேலயே பதிஞ்சுக்கோ. ஆனா இந்த வருஷம் வந்தது ஒரே மண்ணு. நம்ம பேரப் போட்டு இத எப்படிடி அனுப்ப மனசு வந்துதுன்னு தூக்கி எறிஞ்சுட்டேன். இன்னாடி ஆச்சு உன் கைக்கு?"

அது திருப்பதிக்காரன் அனுப்பினது, என் கை இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.