மணிக்கு டாய்லெட் ட்ரெயினிங்

எங்க வூட்டுக்காரர் வீடியோ பாத்து நாய் வளக்குறவரு. பின்னாடி முருங்கமரத்தடிதான் எங்க மணிக்குக் கக்கூஸ்னு முடிவு பண்ணி, அது போனதையே அள்ளி அங்க போட்டு வெச்சாரு. "நாத்தம் எங்க ஜாஸ்தியோ, நாய் அங்கதான் போவும்"னாரு.

இன்னிக்குக் காலையில வாசலுக்குச் சாணி தெளிச்சி, கோலம் போட்டுட்டு நிமிர்றேன். மணி ஓடியாந்து மோந்து பாத்துட்டு, கோலத்து நடுவுலயே வேலைய முடிச்சிடுச்சி.

"இன்னாங்க இது?"ன்னேன்.

பல்லு வெளக்கிக்கினே வந்தவரு மணியைத் தட்டிக் குடுத்தாரு. "சொல்லிக் குடுத்தத கரெக்டா செஞ்சிருக்கு. வாசல்ல நாத்தம் ஜாஸ்தி. நீ சாணி தெளிக்கிறத நிறுத்திடு."

ஆக, நாய்க்கு ட்ரெயினிங் முடிஞ்சிபோச்சாம். நாளையிலேர்ந்து எனக்கு.

உங்க வூட்ல இப்ப யாருக்கு நடக்குது?