ஓமம் போடாத பிஸ்கட்

இது நடந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்து, வடக்கே திக்லிபூர் பஸ் நிலையத்தில் போய் முடிந்தது.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். சாமான் இருப்பில் ஒரு போல்ட் குறைந்தால் யார் எடுத்தது என்று கேட்பேன். ஒரு போல்ட் கூடுதலாக இருந்தால் யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று கேட்பேன். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உறுத்தும். வேலையில் வந்த புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள். வேலைக்குச் சேருவதற்கு முன்பே எனக்கு அந்தப் புத்தி இருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் அரசு நர்ஸ். திக்லிபூர் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. மகள் மெயின்லேண்டில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ஆக, வீட்டில் நான், மனைவி விட்டுப்போன ஓவன், குளியலறை வாசலில் ஓர் எடை மிஷின், அவ்வளவுதான்.

அவள் கிளம்புவதற்கு முன் இரண்டு பேரும் உடம்பைப் பரிசோதித்துக்கொண்டோம். டாக்டர் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துத் திட்டினார். அன்றைக்கே ஓர் ஒப்பந்தம் போட்டோம். அவள் அங்கே நடக்க வேண்டும், நான் இங்கே நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் எடை பார்த்துப் போனில் சொல்ல வேண்டும். டீக்குக் கடித்துக்கொள்ளும் கடை பிஸ்கட்டுக்கும் மிக்சருக்கும் முழுக்கு. அதற்குப் பதிலாக வாராவாரம் கேழ்வரகு மாவில் உப்பும் ஓமமும் போட்டு, சர்க்கரை துளியும் சேர்க்காமல், நான் பிஸ்கட் சுட்டு அனுப்ப வேண்டும்.

சொல்வது சுலபம். காலையில் மேட்டையும் பள்ளத்தையும் ஏறி இறங்கி நடந்துவிட்டு வந்து, மீன் குழம்பு வைத்து, சோற்றைப் பாதியாக்கிச் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை ஓவன் முன்னால் நின்றேன் என்றால் போதும். வெந்துவிட்டதா என்று ஒன்று, உப்பு சரியா என்று ஒன்று, உடைந்துபோனதை அனுப்ப முடியாதே என்று ஒன்று. நடந்து இறக்கியதை நின்ற இடத்திலேயே ஏற்றிக்கொள்வேன். கப்பல் தாமதமாகும் வாரங்களில் கடையில் கேழ்வரகு மாவே இருக்காது. அதனால் முன்கூட்டியே வாங்கி வைத்து, வண்டு பிடிக்காமல் காவல் காக்க வேண்டும். இருந்தாலும் மெல்ல மெல்ல என் எடை இறங்கியது. பேன்ட்டுக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

அவள் எடை இறங்கவில்லை. முதலில் அப்படியே நின்றது. பிறகு ஏற ஆரம்பித்தது.

திக்லிபூருக்கு எதையாவது அனுப்ப இங்கே எல்லாரும் செய்வது ஒன்றுதான். விடியற்காலை பஸ் கிளம்பும் இடத்துக்குப் போய்க் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டியது. சீட்டு கிடையாது, ரசீது கிடையாது. மருந்து, ரிப்பேர் பார்த்த போன், மறந்துபோன மூக்குக்கண்ணாடி எல்லாம் டிரைவர் பக்கத்தில் என்ஜின் மேடைமேல் உட்கார்ந்து பயணம் போகும். அந்தப் பக்கத்து ஆள் பஸ் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்வார். காலி டப்பா திரும்பும்போது வெறும் டப்பாவாக வரக்கூடாது என்பதும் இங்கே எழுதாத சட்டம். அவள் எலுமிச்சம்பழமோ பச்சைமிளகாயோ போட்டு அனுப்புவாள்.

ஒருமுறை அப்படித் திரும்பி வந்த டப்பாவைக் கழுவப் போனேன். எலுமிச்சை வாசனைக்கு அடியில் வேறு ஏதோ வாசனை. மோந்து பார்த்தேன். நெய், ஏலக்காய். டப்பா மூலையில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள். நக்கிப் பார்த்தேன், இனித்தது. என் பிஸ்கட் நெய்யைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கூடுதலாக ஒரு போல்ட் கிடைத்துவிட்டது.

முதல் சந்தேகம் கண்டக்டர்மேல். அவர் வங்காளி, எல்லாருக்கும் தாதா, அதாவது அண்ணன். என் பெயர் அவருக்குத் தெரியாது, "பிஸ்கட்வாலா" என்றுதான் கூப்பிடுவார். நீண்ட பாதை, பசிக்கும், மனுஷன்தானே என்று கணக்குப் போட்டேன். அடுத்த வாரம் டப்பாவை நீலத் துணியில் கட்டி, நான் மட்டுமே போடும் மாதிரி ஒரு முடிச்சைப் போட்டேன். பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ அனுப்பு, துணி நனைந்ததா பார்க்க வேண்டும் என்று மனைவியிடம் பொய் சொன்னேன். போட்டோ வந்தது. முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. மடியில் கனம் இல்லாத தாதாவுக்கு வழியில் என்ன பயம்? அவரை விட்டுவிட்டேன்.

அப்படியானால் மாறுவது அவள் கைக்குப் போன பிறகு. என் மனைவிக்கு வேறு யாரோ நெய் ஊற்றிப் பலகாரம் செய்து கொடுக்கிறார்கள். அவள் அதை என் டப்பாவில் வைத்துச் சாப்பிடுகிறாள். என்னிடம் சொல்லவில்லை.

நேராகக் கேட்டிருக்கலாம். நான் நேராகக் கேட்கிற ஆள் இல்லை. அந்த வாரம் ஓமத்தை விட்டுவிட்டு மிளகைத் தட்டிப் போட்டேன். ஒன்றைக் கடித்தாலே தொண்டையில் பிடிக்கும் அளவுக்குப் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் எடையைக் கேட்டுவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"இந்தத் தடவ ஓமம் கொஞ்சம் தூக்கலாப் போச்சோ?"

"இல்லங்க, கரெக்டா இருந்துச்சு. ஓம வாசன நல்லாத்தான் இருந்துச்சு."

போனை வைத்தேன். இத்தனை வருடக் குடும்பத்தில் அவள் என்னிடம் சொன்ன பொய்களில் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். தெரியாதது எத்தனையோ என்று மனம் உடனே கேட்டது. பழைய போன் பேச்சுகளையெல்லாம் தோண்டி எடுத்தேன். ஒருநாள் போனை எடுக்கத் தாமதமானது, ஒருநாள் பேச்சின் நடுவே யாரிடமோ ஹிந்தியில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்னது, எல்லாவற்றுக்கும் இப்போது அர்த்தம் இருந்தது. அந்த வாரம் பாதி நாள் நடக்கப் போகவில்லை. போன நாட்களில் ஓடினேன், கோபத்தில். அந்த வாரம்தான் எனக்கு எடை அதிகமாக இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் லீவு போட்டேன். வழக்கம்போல டப்பாவைக் கட்டி, வழக்கம்போல தாதாவிடம் கொடுத்து, பிறகு ஒரு டிக்கெட் கேட்டேன். நீயே வருகிறாய் என்றால் டப்பா எதற்கு என் கையில் என்று அவர் ஹிந்தியில் கேட்டார். இருக்கட்டும் என்றேன். மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லவா என்றார். வேண்டாம் என்றேன், கொஞ்சம் அவசரமாகவே. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு வழி நெடுக அவர் என்னைக் கண்காணித்தார், நான் அவர் பக்கத்தில் இருந்த டப்பாவைக் கண்காணித்தேன். என்ஜின் மேடையில் என் நீலத் துணி மூட்டைக்குப் பக்கத்தில், சிவப்புக் கட்டம் போட்ட துண்டில் கட்டிய இன்னொரு டப்பா இருந்தது.

செக்போஸ்ட்டில் காத்திருந்து, காட்டைத் தாண்டி, பஸ்ஸோடு படகில் ஏறி இறங்கி, குலுங்கிக் குலுங்கித் திக்லிபூர் போய்ச் சேரும்போது சாயங்காலம். இடுப்பு என்னுடையதாகவே இல்லை. எல்லாரும் இறங்கினார்கள். நான் கடைசி சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவள் நின்றிருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒரு வாலிபர், வனத்துறை ஆள். தாதா நீல மூட்டையை அவளிடமும் சிவப்பு மூட்டையை அவரிடமும் கொடுத்துவிட்டு, பஸ்ஸின் கடைசி ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். நல்லவர், காட்டிக்கொடுக்கவில்லை.

இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சந்தையில் மாற்றிக்கொள்வதுபோல, அவர் டப்பாவிலிருந்ததை அவள் டப்பாவில் கொட்டி, அவளுடையதை அவர் வாங்கிக்கொண்டார். என் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது. எங்கள் போன் பேச்சில் அந்தச் சிரிப்பு வந்து எவ்வளவு காலம் ஆயிற்று.

இறங்கிப் போய் முன்னால் நின்றேன். அவள் பயந்துபோய் எழுந்தாள். முதலில் கேட்டது மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று. இல்லை என்றேன். டப்பாவைப் பார்த்தேன். அவள் என் கண் போன இடத்தைப் பார்த்தாள்.

அந்த வாலிபர்தான் பேசினார். அவர் சொந்த ஊர் போர்ட் பிளேர் பக்கத்துச் சௌல்தாரி. வாராவாரம் அவருடைய அம்மா நெய்யும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு நான்கத்தாய் பிஸ்கட் செய்து இதே பஸ்ஸில் அனுப்புகிறார். சில மாதங்களுக்கு முன் மயங்கி விழுந்து என் மனைவி வேலை செய்யும் இடத்துக்கு வந்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்திருக்கிறது. அவருடைய அப்பா போனது அதே சர்க்கரையால்தான், முதலில் கால், பிறகு ஆள். மகனுக்கும் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அனுப்பாதே என்றால் ஏன் என்று கேட்பார். வந்ததைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. மேடம்தான் வழி சொன்னார் என்றார். எந்தக் காரணத்துக்காகவும் சௌல்தாரிக்கு விஷயம் போய்விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், ஒரு வாரம் மட்டும் மிளகு கொஞ்சம் அதிகம் என்றும் சொன்னார்.

தேள் கொட்டின திருடனைப்போல நின்றேன். அவர் விடைபெற்றுப் போன பிறகு, அவள் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"அவங்க அம்மா செஞ்சதத் தூக்கிப் போடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நம்மளத அவருக்குக் குடுத்துட்டு அத நான் வாங்கிக்கிட்டேன். வார்டுலயும் குடுப்பேன். மிச்சத்த ரூமுக்குக் கொண்டுபோவேன். ட்யூட்டி முடிஞ்சு வந்தா பேச ஆளில்ல. டீயோட ஒண்ணு, இன்னொண்ணுன்னு போயிரும்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நோயாளி சொல்லாதே என்றால் நர்ஸ் சொல்லக்கூடாது என்றாள். நான் கஷ்டப்பட்டுச் சுட்டதை வேறு யாருக்கோ கொடுப்பதாகச் சொல்லவும் தனக்கு மனம் வரவில்லை என்றாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு எடை இறங்கியபோதுகூட வராத ஒரு லேசு உடம்பில் வந்தது. சந்தேகம் தீர்ந்தது, எழுந்து போகலாம் என்று இருந்தேன்.

அவளுக்கு விஷயம் முடியவில்லை. மிளகு எப்போது போட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். ஓமம் என்று ஏன் கேட்டேன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். முடிச்சு, போட்டோ, எல்லாம்.

"நான் இங்க வந்ததுலேருந்து எத்தன தடவ வாங்க வாங்கன்னு கூப்புட்டேன். லீவு இல்லன்னீங்க. இடுப்பு வலின்னீங்க. கப்பல்ல டிக்கெட் இல்லன்னீங்க. ஞாயித்துக்கிழமையானா எட என்னன்னு கேப்பீங்க. இன்னிக்கு மட்டும் எப்படி வந்தீங்க? என்னப் பாக்கவா, டப்பாவப் பாக்கவா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு பதில் வேண்டும் என்பதுபோல் காத்திருந்தாள். என்னிடம் பதில் இருந்தது. நீலத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு டப்பா சுடுகிறேன், ஒன்று அவளுக்கு, ஒன்று அந்த வாலிபருக்கு. அவர் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேள்வி. சொல்லும்படி என் மனைவி அவரை வாராவாரம் நச்சரிக்கிறாள். நான்கத்தாய் முழுவதும் வார்டுக்குப் போய்விடுகிறது. அவள் எடையும் இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எடையைக் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன், அவளாகச் சொன்னால் உண்டு.

மாதம் ஒருமுறை பஸ் ஏறுகிறேன். தாதா எனக்காக முன் சீட்டைப் பிடித்து வைக்கிறார். திக்லிபூரில் இறங்கியதும் அவள் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பாள்.

"இன்னிக்கு என்ன சந்தேகம்?"

சும்மா உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்பேன். சும்மா வருகிற ஆளா நீங்கள் என்று சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொள்வாள். பாதி வேடிக்கைதான், தெரியும். மீதிப் பாதி அவள் மனதில் நானே கொண்டுபோய் வைத்தது. அது குறையும்வரை, இடுப்பு எவ்வளவு வலித்தாலும், அந்தப் பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.