பின்சீற்றைக் கழற்றிய கார்

என் கராஜுக்கு வரும் பொடியன்கள், இங்கேயே பிறந்தவர்கள், கைத்தொலைபேசியில் கார்ப் பந்தயம் காட்டி எனக்கே பாடம் எடுப்பார்கள். சிரித்துக்கொண்டு கேட்பேன். ஊரில் ஆறாம் வகுப்பு, இங்கே விளங்காத பிரெஞ்சில் மூன்று வருடம், என் படிப்பு அவ்வளவுதான். ஆனால் ஒபர்வில்லியேயில் ஒன்று, பொண்டியில் ஒன்று என்று இரண்டு கராஜ் நிற்கிறது. கார் வாசலுக்கு வருமுன்பே எஞ்சினில் எது சரியில்லை என்று சத்தத்தில் சொல்லிவிடுவேன். கம்பியூட்டரைச் செருகிப் பார்க்கும் பொடியன்கள் பத்து நிமிடம் கழித்து அதையேதான் சொல்வார்கள்.

அந்தக் காது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே இருந்தது. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் ஆட்கள் ஓடிய முதல் கார்ப் பந்தயத்தில் நான் காருக்குள் இருந்தவன்.

அப்போது எங்கள் குடும்பத்தில் இரண்டே கார். ஒன்று சித்தப்பாவின் பழைய பேஜோ. மற்றது அம்மாவின் தம்பி, என் மாமாவுடைய ரெனோ, கொஞ்சம் புதிது. சித்தப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். ஞாயிறு தோறும் பேஜோவைத் துடைத்துக்கொண்டு, ஊரில் தான் முந்தாத பஸ் இல்லை என்று கதை சொல்வார். காரை எடுத்தாலும் ஒபர்வில்லியேக் கிடங்குத் தெருக்களைத் தாண்டிப் போகமாட்டார். பெற்றோல் விலை அப்படி என்பார்.

அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் மாமிக்கு, கல்யாணம் நிச்சயமானது. பெண்ணைக் கோயிலுக்கு யாருடைய காரில் ஏற்றுவது? கூடப்பிறந்த அண்ணனிடம் கார் இருக்க வேறு கார் எதற்கு என்றார் அப்பா. புதுக் காரில் போய் இறங்குவதுதான் மரியாதை என்றார் மாமா. இரண்டு கிழமை வீடு இரண்டுபட்டது.

கடைசியில் மாமாதான் சொன்னார்: “ஓடிப் பாத்தாப் போச்சு, மச்சான்.”

சித்தப்பா கார் துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு, “ஓம், ஓடுவம். வெண்டவன் பொம்பிளையை ஏத்தட்டும்” என்றார்.

காரின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லித்தந்தார். இருவருமாகப் பின்சீற்றைக் கழற்றினோம். மாற்றுச் சில்லு, ஜாக்கி, கால்மிதி எல்லாம் இறங்கின. ஞாயிறு பூசை முடிந்ததும் கிடங்குத் தெருவுக்குப் போனோம். நேரான தெரு, ஒரு நாய்கூட இல்லை. அப்பா கைலேஞ்சியைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். அப்போதுதான் சித்தப்பா முன்கதவைத் திறந்து, “ஏறடா” என்றார்.

அம்மாவுக்கு வெதுப்பகத்தில் வேலை. அங்கே மிஞ்சும் குறுவசோன் என்கிற வெண்ணெய் ரொட்டி எல்லாம் என் வயிற்றுக்குள்தான் போகும். நான் ஏறியபோது பேஜோ ஒரு பக்கம் சாய்ந்தது.

மாமா ரெனோவிலிருந்து கத்தினார்: “சில்லைக் கழட்டிப்போட்டு அரிசி மூட்டையை ஏத்துறாய், மச்சான்! எப்பிடி வெல்லுறது?”

கைலேஞ்சி விழுந்தது. சித்தப்பா ஊரைப் பற்றிச் சொன்ன கதை ஒன்றும் பொய்யில்லை. இரண்டாம் கியரிலேயே ரெனோ பின்னால் போய்விட்டது. நான் கதவைத் தட்டிக் கூவினேன். கடைசிக் கிடங்கு தெரிகிற நேரம் எஞ்சினின் சத்தம் தாழ்ந்தது. இருமவில்லை, திக்கவில்லை, பாடிக்கொண்டிருந்த ஒருவன் குரலைத் தணித்ததுபோல. ரெனோ எங்களைக் கடந்து போனது.

சித்தப்பா இறங்கி, எல்லோருக்கும் கேட்க, “இவன்ர பாரம்! நாலு குறுவசோனைக் குறைச்சுத் திண்டிருந்தா வெண்டிருப்பன்” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அழுதேன். அன்றிலிருந்து குறுவசோனைத் தொடவில்லை.

கல்யாணத்தன்று மாமாவின் ரெனோவைப் பொலிஸ் மறித்தது. பத்திரங்களைப் பார்த்து, பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள். விருந்து முடியுமட்டும் மாமா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், சித்தப்பாவைத் தவிர.

எனக்குப் பதினெட்டு வயதானபோது ஒருநாள் சித்தப்பா நான் வேலை பார்த்த கராஜுக்கு வந்து, பெர்மி என்று இங்கே சொல்லும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார். இளஞ்சிவப்புத் தாள், மை காயாத புதுசு. மாமியின் மூத்தவன் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். தொலைந்துபோன பழையதற்குப் பதிலாக எடுத்ததா என்று கேட்டேன். “இஞ்ச இதுதான் முதல்” என்றார். பெடலிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் எப்படித் தணியும் என்பது அதற்குள் எனக்கு நன்றாகத் தெரியும். என் எண்ணெய்க் கை படாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் அந்தக் கல்யாணக் காலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. ரெனோவில் இடமில்லை, பேஜோவுக்குப் பெற்றோல் வீண் என்று சித்தப்பாவும் நானும் மெத்ரோவில் கோயிலுக்குப் போனோம். அவர் கோட்டுப் போட்டுக் கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார். பையிலிருந்து ஒரு குறுவசோனை எடுத்து நீட்டினார்.

“வேண்டாம் சித்தப்பா. அடுத்தமுறை நாங்கள் வெல்லோணும்.”

அவர் சட்டென்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்வரை திரும்பவில்லை. சுரங்கத்துக்குள் ஓடுகிற மெத்ரோவில், யன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.