பூவரச இலைப் பொட்டலம்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் கல்வெட்டு வைக்கப்போவதாகவும், அதற்கு வாசகம் எழுதித் தர வேண்டும் என்றும் தலைமை ஆசிரியை கேட்டார். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படிச் சில வேலைகள் வரும்.

விஷயம் உப்புச் சத்தியாகிரகம். வேதாரண்யத்துக்கு நடந்து போனவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று வெள்ளைக்கார அதிகாரி தடை விதித்திருந்தார். அதனால் மக்கள் சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரங்களில் தொங்கவிட்டார்கள். அந்தக் கிராமத்தில் பொட்டலம் கட்டியது மிராசுதார் வீட்டார் என்பதுதான் எல்லோரும் சொல்வது. ஆசிரியையின் கொள்ளுத்தாத்தா அந்த வீட்டுப் பண்ணையாள். அவரும் ஒன்று கட்டினார் என்பது அவர்கள் தெருவில் மட்டும் இருக்கும் பேச்சு.

"கல்லுல அவரும் வரணும் சார். ஆதாரம் கேட்டா என்கிட்ட ஒண்ணுமில்ல."

"ஊர் மக்கள்னு பொதுவா எழுதிடலாமே?"

"ஊர்னா எங்க தெரு வராது சார். உங்களுக்குத் தெரியாததா?"

கையில் நீட்டியிருந்தால் அந்தப் பண்ணையாள் வீட்டுச் சோற்றை எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்தேன். மரத்தில் தொங்கும் சோற்றைப் பார்த்துச் சமைத்தவர் யார் என்று சொல்ல முடியாது.

"எதுல கட்டினாராம்?"

"பூவரச இலையில. வாழை மிராசுதார் கொல்லையில இருந்துச்சு, நாங்க நறுக்க முடியுமா? வாய்க்கால் கரைப் பூவரசை யாரும் கேக்க மாட்டாங்க."

மிராசுதாரின் பேரனைப் போய்ப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். பூவரசு பற்றி நான் வாயே திறக்கவில்லை. பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால் அது சாட்சியாகாது.

"எங்க வீட்டுப் புளிச்சோறுங்க, வாழை இலையில. அப்பா அப்ப சின்னப் பையன், கூடப் போயிருக்காரு. பாத்தா, நம்ம மரத்துலயே எவனோ பூவரச இலையில ஒண்ணு கட்டி விட்டிருக்கான்! அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அதை யாராவது எடுத்தாங்களா?"

"சாயங்காலம் போய்ப் பாத்தப்ப எங்களுதுல ரெண்டு மிச்சம் இருந்துச்சாம். அது இல்ல."

பிறகுதான் அது யாருடையது என்று சொன்னேன்.

"அவங்க வீட்டுதா? சரி, சொன்னதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். எழுதிக்குங்க. ஆனா எங்களுக்குக் கீழ போடுங்க."

ஆசிரியையிடம் அப்படியே சொன்னேன்.

"மரத்துல யாருது மேல தொங்குச்சுன்னு அவங்க அப்பா சொல்லலையா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"சொல்லல."

"அப்ப ஒரே வரியில போடுங்க சார்."

போட்டேன். இரண்டு வீட்டாரும் வாழை இலையிலும் பூவரச இலையிலும் சோறு கட்டினார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பொட்டலத்தை எடுத்தது நடந்து போனவரா, காக்கையா என்று பார்த்தவர் யாருமில்லை.